டிராகன் மேல் வைத்த விரல்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். லிஃப்ட் மெக்கானிக்குக்கு அது ஆகாது என்று மேனேஜர் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார். அட்டை விளையாட்டுக்கும் ஆகாது என்று என் மனைவி சொல்வாள். அவளுக்கு இன்னும் அலுக்கவில்லை.

நாங்கள் ஆடுவது காசு வைத்து ஆடும் சீட்டு இல்லை. டிராகன், ஆந்தை, மந்திரம் என்று படம் போட்ட அட்டைகளைக் கடையில் வாங்கிச் சேர்த்து, ஒருவர் படையை ஒருவர் மேல் ஏவி மோதுகிற விளையாட்டு. நாற்பது வயதில் இதென்ன கூத்து என்று மாமியார் கேட்டார். பெண்ணை நான் கெடுத்துவிட்டதாக அவருக்கு எண்ணம். ஆரம்பித்தது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நூற்று எண்பது பக்கச் சட்டப் புத்தகத்தைக் கடைசி வரி வரை படித்தவள் அவருடைய பெண். நான் படம் பார்த்ததோடு சரி.

அந்தப் புத்தகத்தில் மந்திரங்களைப் பற்றி மட்டும் ஐம்பது பக்கம் இருக்கிறது. எனக்குப் புரியவைக்க அவள் அதை நான்கு வாக்கியத்தில் அடக்கிவிட்டாள். மந்திரம் போடும்போதே அது யார் மேல் என்று காட்டிவிட வேண்டும். எதிராளி அதற்குப் பதில் மந்திரம் போடலாம். அப்படிப் போட்டால் பின்னால் வந்தது முதலில் பலிக்கும். தன் முறை வரும்போது குறி வைத்த ஆள் இடத்தில் இல்லையென்றால் மந்திரம் மொத்தமும் வீண். இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு அவள் ஆடுவதைப் பார்த்தால், எழுதியவனே எழுந்து நின்று கைதட்டுவான்.

நான்கு வருடமாக இருவரும் போட்டிகளுக்குப் போகிறோம். அவள் இறுதி ஆட்டத்துக்கு வந்தது இந்த வருடம்தான் முதல் முறை. எதிரே உட்கார்ந்திருந்தது நான். ஜெயிப்பவருக்கு தேசியப் போட்டியில் ஓர் இடம். ஒரே ஓர் இடம். அதன் மேல் எனக்கு எவ்வளவு ஆசை என்றால், போன வருடம் கோட்டை விட்டுவிட்டு வந்து இரண்டு நாள் சாப்பாட்டில் உப்பிருக்கிறதா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போதே அவள் வாசலில் நிறுத்திச் சொன்னாள்:

"விட்டுக்கொடுக்கிற வேலையெல்லாம் வச்சுக்காத. அப்படி ஏதாவது பண்ணின, உன்கூட இனிமே ஆடவே மாட்டேன்."

மற்றவர்கள் முன்னால் என்னை 'நீங்க' என்பாள். 'நீ' என்று வந்தால் விஷயம் தீவிரம் என்று அர்த்தம்.

பொம்மைக் கடையின் மாடியில் ஆட்டம். ஜன்னலோரம் எங்கள் மேசை, கயிறு கட்டி அந்தப் பக்கம் வேடிக்கை பார்ப்பவர்கள். நடுவராக வந்திருந்தவர் ஒரு பள்ளி நூலகர். அவர் நிமிர்ந்து பார்த்தாலே பேச்சு நின்றுவிடும். அந்த நேரம் பார்த்து அவர், பக்கத்து மேசையில் மூன்றாம் இடத்துக்கு அடித்துக்கொண்டிருந்தவர்களை அடக்கப் போயிருந்தார்.

மேசையில் இருந்த நிலவரம் இது. அவளுக்கு ஆறு உயிர் மிச்சம். எனக்கு மூன்று. உயிர் தீர்ந்தால் தோல்வி. அவள் பக்கம் எட்டு பலமுள்ள டிராகன், இரண்டு பலமுள்ள ஆந்தை, ஒரே ஒரு பலமுள்ள தவளை. என் பக்கம் ஒரு ஈ காக்கை இல்லை. ஆனால் என் கையில் இரண்டு மந்திரங்கள் இருந்தன. ஒன்று 'சாம்பல் மழை': குறி வைத்த உயிரினத்தை எரிக்கும், அதன் பலம் எவ்வளவோ அவ்வளவு உயிரைச் சொந்தக்காரரிடமிருந்து பிடுங்கும். டிராகன் மேல் போட்டால் எட்டு. அவளிடம் இருப்பதோ ஆறு. மற்றொன்று 'வாய்ப்பூட்டு': அதைப் போட்டால் அந்தச் சுற்று முடியும்வரை எதிராளி எந்த மந்திரமும் போட முடியாது.

புத்தியுள்ளவன் முதலில் வாய்ப்பூட்டைப் போட்டுவிட்டு அப்புறம் சாம்பல் மழையைப் போடுவான். எனக்கு அவசரம். அவள் கையில் ஒன்றுமில்லை என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். சாம்பல் மழையை மேசையில் அறைந்தேன், மறு கை விரலால் டிராகனை ஒரு குத்து குத்தினேன்.

அவள் தன் கையிலிருந்த அட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதிலிருந்து ஒன்றை எடுத்து, என் மந்திரத்தின் மேல் மெதுவாக வைத்தாள். 'பிரியாவிடை'. தன்னுடைய உயிரினம் ஒன்றைத் தானே அனுப்பிவிட்டு, பதிலுக்கு இரண்டு புது அட்டை எடுத்துக்கொள்ளும் மந்திரம். யாரை அனுப்பினாள் தெரியுமா? அந்த டிராகனை. அத்தனை பேரும் பார்த்து வாயூறும் டிராகனை, காய்ந்த இலையைத் தள்ளுவது மாதிரி ஓரத்துக்குத் தள்ளிவிட்டாள்.

எனக்குப் புரிய ஒரு நொடிதான் ஆனது. டிராகன் இல்லை. என் மழைக்குக் குறி இல்லை. எட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. தோற்கப் போகிறவன் நான் என்பதையே மறந்து, "அடடா!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு அழகான ஆட்டத்தை நான் பார்த்ததில்லை.

அவள் இரண்டு அட்டைகளை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட்டாள்.

"மேடம், இவர் எது மேலன்னு சொல்லவே இல்ல. அதுக்குள்ள நான் பதில் போட்டுட்டேன். இது செல்லாது."

கயிற்றுக்கு அந்தப் பக்கம் யாரோ தலையில் அடித்துக்கொண்டார்கள். ஜெயித்த ஆட்டத்தைத் தானே செல்லாது என்கிறாளே!

நடுவர் அவளை ஒரு தரம் பார்த்தார். "செல்லாதுன்னா ரெண்டு பேரும் போட்டதைத் திருப்பி எடுத்துக்கணும். உங்க கையில என்ன இருக்குன்னு அவருக்கு இப்பத் தெரிஞ்சுபோச்சு. பரவாயில்லையா?"

"எங்க லேப்ல பேர் ஒட்டாத குழாய் வந்தா, அது யாரோட ரத்தம்னு எங்களுக்குத் தெரிஞ்சாலும் தொட மாட்டோம் மேடம். திருப்பித்தான் அனுப்புவோம்," என்றாள் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கும் என் மனைவி.

நடுவர் என் பக்கம் திரும்பினார். "எது மேலன்னு சொன்னீங்களா?"

"வாயால சொல்லல," என்றேன்.

அது உண்மை. அதோடு நிறுத்தியிருந்தால் யாரும் என்னைப் பொய்யன் என்று சொல்ல முடியாது. ஆட்டம் பின்னால் போகும், டிராகன் திரும்பி வரும், நான் முதலில் வாய்ப்பூட்டைப் போடுவேன், அப்புறம் மழையைப் போடுவேன். தேசியப் போட்டி என் சட்டைப் பையில். தொண்டை வரை வந்துவிட்ட ஆசையை விழுங்குவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். ஆனால் அந்த டிராகனை அவள் தள்ளிய விதம் கண்முன்னே நின்றது. அதை இல்லாமல் ஆக்க எனக்கு மனம் வரவில்லை.

"விரலால தொட்டேன் மேடம். டிராகனை."

"விரல் வச்சா சொன்னதுக்குச் சமம்," என்றார் நடுவர்.

"பொய்!" அவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டாள். "நீ தொடல. எனக்காகச் சொல்ற. என்ன சொல்லிட்டு வந்தோம்?"

"தொட்டேன்டி! நீ கையில இருக்கிறதைப் பாத்துக்கிட்டிருந்த!"

"மேடம், இவர் விட்டுக்கொடுக்கிறார். ஆட்டத்தைத் திருப்பிக் குடுங்க."

"குடுக்காதீங்க மேடம்!"

நடுவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "பன்னெண்டு வருஷமா நடுவரா இருக்கேன். நான்தான் ஜெயிச்சேன்னு ரெண்டு பேர் அடிச்சுக்கிட்டுப் பாத்திருக்கேன். நான்தான் தோத்தேன்னு அடிச்சுக்கிறதை இன்னைக்குத்தான் பாக்கறேன். உக்காருங்க ரெண்டு பேரும்."

கூட்டம் சிரித்து ஓய்ந்ததும் அவர் ஓரத்தில் கிடந்த டிராகனை அதன் பிளாஸ்டிக் உறையோடு எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு என் மனைவியிடம் நீட்டினார். காலையில் ஒரு ஆஸ்பத்திரி லிஃப்ட் பாதியில் நின்று, அதைச் சரிசெய்துவிட்டு நேராகப் போட்டிக்கு வந்திருந்தேன். எவ்வளவு சோப்புப் போட்டாலும் கிரீஸ் முழுசாகப் போகாது. டிராகனின் நெற்றியில் என் விரல் ரேகை கறுப்பாக, சுழி சுழியாகப் பதிந்திருந்தது.

அவள் அதை விடவில்லை. இப்படித் திருப்பினாள், அப்படித் திருப்பினாள். வேலையில் மைக்ராஸ்கோப்பில் கண்ணாடித் துண்டைப் பார்ப்பதும் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது. என் கையை இழுத்து விரலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "நேத்துதான் எல்லா உறையையும் துடைச்சேன்," என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். கடைசியில் என்னைப் பார்த்தாள். கோபம் போய்விட்டது.

"சரி மேடம். தொட்டிருக்கார்."

அப்புறம் அவள் ஆடியது இருக்கிறதே! இரண்டு அட்டைகளை எடுத்துக்கொண்டாள். என் மழை வீணாகி ஓரத்துக்குப் போனது. என் சுற்று முடிந்தது. அவள் ஆந்தையை ஏவினாள், தவளையை ஏவினாள். இரண்டும் ஒன்றும் மூன்று. என்னிடம் இருந்ததும் மூன்று. ஒரு தயக்கம் இல்லை, ஐயோ பாவம் என்று ஒரு பார்வை இல்லை. எதிராளியை எப்படி முடிக்க வேண்டுமோ அப்படி முடித்தாள். என்னை அவ்வளவு மதித்து யாரும் தோற்கடித்ததில்லை.

எழுந்து கை கொடுத்தேன். பெருமையில் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அதே நெஞ்சு வலிக்கவும் செய்தது. அவள் கை சில்லென்று இருந்தது. சுற்றிலும் கைதட்டல். அவள் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, "வலிக்குதா?" என்றாள்.

"ரொம்ப," என்றேன்.

"இதுக்கு முன்னால மூணு வருஷமும் அரையிறுதியில என்னை வெளிய அனுப்பினது நீதான். எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு. நீ ஒரு தடவைகூடக் கேக்கல."

கேட்டதில்லைதான். ஒவ்வொரு தடவையும் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம், நான் எப்படி ஆடினேன் என்றுதான் அவளிடம் கேட்டிருக்கிறேன். அவளும் சலிக்காமல் பதில் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறாள்.