ஆடி மாதத்துக் கமாண்டர்

ஆடி பிறந்த அன்று கார்த்யாயினியைச் சிதம்பரத்துக்கு அனுப்பி வைத்தார்கள். கல்யாணமாகி ஐம்பத்தொரு நாள்தான் ஆகியிருந்தது. ஆடியில் கரு தங்கினால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கும் என்பது காரணம். வீட்டுக்கு வீடு மின்விசிறி வந்துவிட்ட 2008இலும் கடலூரில் அந்தக் காரணத்தை யாரும் மறுத்துப் பேசுவதில்லை. அவளுடைய அப்பாவும் அம்மாவும் சீர்த்தட்டோடு வந்தார்கள், விருந்து சாப்பிட்டார்கள், மகளைக் கூட்டிக்கொண்டு மூன்று மணி பஸ்ஸில் ஏறினார்கள்.

பஸ்ஸை நேரத்துக்குக் கிளப்பியவன் அவள் புருஷன் சேதுமாதவன். கடலூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு தனியார் பஸ் கம்பெனிக்கு அவன் டைம்கீப்பர். முப்பது வயது. விடிகாலை நாலரை மணியிலிருந்து பகல் ஒன்றரை வரை கையில் மைக்குடன் நிற்பான். எந்த வண்டி எந்த நிமிஷம் கிளம்பும், எங்கெல்லாம் நிற்கும் என்று சொல்லிக்கொண்டே இருப்பான். முன்னால் போகும் வண்டி ஆள் பிடிக்க இரண்டு நிமிஷம் மெதுவாக உருட்டினால் பின்னால் நிற்கும் வண்டிக்காரனுக்காகச் சண்டை போடுவான். அன்று மட்டும் லீவு போட்டிருந்தான். ஆனாலும் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மனைவியிடம் சொல்ல ஒன்றும் தோன்றாமல், டிரைவர் பக்கம் போய் நேரமாகிவிட்டது என்றான்.

கடலூர் செம்மண்டலத்தில் இருந்த வீட்டில் அவன் பேசுவதே அபூர்வம். ஐம்பத்தொரு நாளில் இருவரும் பேசியதை எழுதினால் ஒரு நோட்டில் இரண்டு பக்கம் தேறாது. சாப்பிட்டியா, சாப்பிட்டீங்களா, கரண்ட் போயிடுச்சு, வந்துடுச்சு. கோபமோ வெறுப்போ கிடையாது. அவள் சமையலறையில் வளையல் சத்தத்தோடு நடமாடுவதைக் கேட்டபடி கூடத்தில் படுத்திருப்பது அவனுக்குப் பிடித்திருந்தது. பிடித்திருக்கிறது என்பது அவளுக்கும் தெரிந்திருக்கும் என்று அவன் நம்பினான்.

அந்த நம்பிக்கை ஆடி பத்தாம் தேதி உடைந்தது. அவள் தம்பி நடராஜ் போன் செய்தான். சிதம்பரத்தில் இன்ஜினீயரிங் இரண்டாம் வருஷம் படிப்பவன். எதையும் மறைக்கத் தெரியாதவன். தெற்கு வீதியில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி நிலையத்தில் அக்காவைப் பாடம் நடத்தக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றான். தை மாசம் வரைக்கும் இங்கேயே இருக்கட்டும் என்று அப்பா நினைக்கிறார், இன்னும் பதில் சொல்லவில்லை என்றான். பிறகு தயங்கிவிட்டு, அக்கா அம்மாவிடம் சொன்னதையும் சொல்லிவிட்டான்.

"அங்க போனா பேசக்கூட ஆளில்லம்மான்னு சொல்லிச்சு மாமா. அழுவலாம் இல்ல. சும்மாதான் சொல்லிச்சு."

சும்மா சொன்னாள் என்பதுதான் சேதுமாதவனை உறுத்தியது. அழுதிருந்தால் சமாதானம் சொல்லலாம். அவள் அதை ஊர் நிலவரம் போலச் சொல்லியிருக்கிறாள். தை வரைக்கும் போனால் அது அப்படியே பழகிவிடும் என்று அவனுக்குத் தோன்றியது. ஆடியில் மாமனார் வீட்டுப் படி ஏறக்கூடாது. போனில் பேசலாமென்றால் அங்கே போன் கூடத்தில் இருக்கிறது, மாமனாரும் கூடத்தில் இருக்கிறார்.

வழியைக் காட்டியவனும் நடராஜ்தான். அவன் தெரு முனை பிரவுசிங் சென்டரில் பையன்கள் சேர்ந்து 'கார்பன் ஆர்பிட்' என்றொரு கம்ப்யூட்டர் விளையாட்டு ஆடினார்கள். செம்மண் படிந்த ஏதோவொரு கிரகம். அங்கே கிடைக்கும் ஒரு தாதுவுக்காக இரண்டு படைகள் மோதும். ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர். அதில் நான்கு பேர் துப்பாக்கியோடு தரையில் ஓடுவார்கள், வண்டி ஓட்டுவார்கள். எதிரே இருப்பது மட்டும்தான் அவர்களுக்குத் தெரியும். ஐந்தாவது ஆள் கமாண்டர். அவருக்கு மொத்த நிலமும் மேலிருந்து பார்ப்பதுபோலத் தெரியும். எங்கே சுரங்கம் தோண்டுவது, எங்கே தொழிற்சாலை கட்டுவது, யாரை எங்கே அனுப்புவது எல்லாம் அவர் பொறுப்பு. வேறு வேறு ஊரிலிருந்தும் ஒரே பக்கத்தில் சேர்ந்து ஆடலாம். பண்ருட்டி, விழுப்புரம் சென்டர்களோடு போட்டி நடந்துகொண்டிருந்தது. சிதம்பரம் அணியில் ஒருவன் சென்னைக்குப் போய்விட்டான், ஓர் ஆள் குறைகிறது.

"எனக்கு என்னா தெரியும் மச்சான்?"

"ஒண்ணும் தெரிய வேணாம். அக்கா சொல்றத கேட்டா போதும். அதுதான் எங்க கமாண்டர்."

பெண் பார்க்கப் போன அன்று அவளுடைய சமையல், தையல், கோலம், பி.எஸ்ஸி. மார்க் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார்கள். இதை யாரும் சொல்லவில்லை.

மறுநாள் மூன்று மணிக்கு அவன் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த லூர்துசாமியின் சென்டருக்குப் போனான். லூர்துசாமி அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பையன்கள் உட்காரும் ஓரத்து மெஷினைக் கொடுத்தார். எந்தப் பொத்தானை அழுத்தினால் நடக்கலாம், எதில் சுடலாம் என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார். ஹெட்போனை மாட்டியதும் நாற்பத்தைந்து கிலோமீட்டர் தள்ளியிருந்து ஒரு குரல் கேட்டது.

"வந்துட்டீங்களா? பச்சையா ஒரு வண்டி நிக்கிது பாருங்க. அதுல ஏறி உக்காருங்க."

அது படையாட்களை ஏற்றிப்போகும் வண்டி. ஆறு இருக்கை. சேதுமாதவன் ஏறினான். ஆள் இல்லாமல் கம்ப்யூட்டரே நடத்தும் சிப்பாய்கள் நாலு பேர் ஒவ்வொருவராக வந்து ஏறினார்கள். கிழக்குச் சுரங்கத்துக்குப் போகச் சொன்னாள். வண்டி நகரவில்லை. மறுபடியும் சொன்னாள். நகரவில்லை. கிழக்கே பண்ருட்டிக்காரர்கள் சுரங்கத்தைப் பிடித்துக் கொடியும் நட்டுவிட்டார்கள்.

"ஏங்க நிக்கிறீங்க? வண்டி ரிப்பேரா?"

"இல்ல. ஒரு சீட் காலியா இருக்கு. இன்னோர் ஆள் தொழிற்சாலையிலேருந்து வந்துகிட்டிருக்கான். ஏத்திக்கிட்டு எடுத்துடலாம்னு..."

ஹெட்போனில் பையன்களின் சிரிப்பு இரைச்சலாகக் கேட்டது. அதற்கு மேலே அவள் குரல்.

"இது பஸ்ஸு இல்லீங்க. காலியா இருந்தாலும் பரவாயில்ல, வண்டியெ எடுங்க."

அவள் அவனிடம் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. பஸ் ஸ்டாண்டில் தினமும் பத்துப் பேரிடம் திட்டு வாங்குபவன் அவன். ஆனால் இந்தத் திட்டு வாங்கிய பிறகு, வீட்டுக்கு நடந்துபோகும்போது தன் முகம் சிரித்துக்கொண்டிருப்பதை ஒரு சைக்கிள்காரர் பார்த்த பார்வையில்தான் தெரிந்துகொண்டான்.

தினமும் போனான். சுடுவதில் அவன் மோசம். தன் பக்கத்து ஆளையே இரண்டு தடவை சுட்டிருக்கிறான். ஆனால் அடுத்த சரக்கு வண்டி எதிரிச் சுரங்கத்துக்கு எப்போது வரும் என்று கணக்காகச் சொன்னான். அவர்கள் வண்டி மூன்றரை நிமிஷத்துக்கு ஒன்று, இப்போது விட்டால் பாலத்தில் மறிக்கலாம் என்பான். அவள் மேலிருந்து சரிபார்த்துவிட்டு, ஆமாங்க என்பாள். வேலையிடத்தில் பேசுவதுபோல இங்கே அவனுக்குப் பேச்சு வந்தது. ஆட்டம் தொடங்கக் காத்திருக்கும் ஐந்து நிமிஷத்தில் சிதம்பரத்தில் மழையா என்று கேட்டான். அங்கே அவள் என்ன சமைத்தாள் என்று கேட்டான். சொந்தமாக ஒரு வேலை இருந்தால் பொழுது போவது தெரியாது என்று அவள் ஒரு நாள் சொன்னாள். பையன்கள் பொறுமையாக இருமினார்கள்.

விஷயம் அவன் அம்மா ரத்தினம்மாள் காதுக்குப் போய்விட்டது. ஆடியில் மருமகளோடு தினமும் பேசுகிறானாம், அதுவும் கம்ப்யூட்டரில். அவன் தட்டில் சோறு வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து விசாரித்தாள். முகம் தெரியுமா என்றாள். தெரியாது என்றான். அவள் என்னவாகத் தெரிவாள் என்றாள். அவள் தெரியவே மாட்டாள், மேலே இருப்பாள், நான்தான் கீழே ஒரு பச்சைப் புள்ளியாகத் தெரிவேன் என்றான்.

"புள்ளியா தெரிஞ்சா தோஷமில்ல" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு ரசம் ஊற்றினாள்.

ஆடி இருபத்தெட்டு, செவ்வாய்க்கிழமை, பண்ருட்டியோடு கடைசி ஆட்டம். அன்று காலையிலேயே நடராஜ் போன் செய்து, அப்பா நாளைக்குப் பயிற்சி நிலையத்துக்குப் பதில் சொல்லப்போகிறார் என்றான். நல்ல காரியத்தைச் செவ்வாயில் சொல்லக்கூடாது என்றுதான் புதன்வரை தள்ளியிருக்கிறார். அக்கா என்ன சொல்கிறாள் என்று சேதுமாதவன் கேட்டான். அக்கா எதுவும் சொல்லவில்லை.

ஆட்டம் நாற்பது நிமிஷம் இழுத்தது. சிதம்பரம் முன்னணியில் இருந்தது. வடக்குச் சுரங்கம் ஒன்றுதான் பாக்கி. சேதுமாதவன் பாலத்தைத் தாண்டி ஒரு மேட்டில் நின்றான். பையன்கள் அவன் பின்னால் நின்றார்கள். வடக்கே இறங்கச் சொல்லி அவள் குரல் வந்தது. அவன் இறங்கவில்லை. ஆட்டம் முடிந்தால் ஹெட்போனைக் கழற்றிவிடுவார்கள் என்று அவனுக்குத் தெரியும்.

"நீ ஆவணியில வரியா?" என்றான்.

பையன்களின் துப்பாக்கிகூட நின்றுவிட்டது.

"இப்ப கேக்குற கேள்வியாங்க இது?"

"நாளைக்குக் கேட்டா மாமா பதில் சொல்லிடுவாரே."

அந்த நேரத்தில் பண்ருட்டிக்காரர்கள் மேட்டின் பின்பக்கமாக ஏறிவந்து ஐந்து பேரின் இத்தனை நாள் உழைப்பை ஒன்றரை நிமிஷத்தில் முடித்துவிட்டார்கள். திரையில் தோல்வி என்று வந்தது. நடராஜ் ஏதோ சொல்ல ஆரம்பித்தான். அவள் எல்லோரையும் ஹெட்போனைக் கழற்றச் சொன்னாள். கழற்றினார்களா என்பது சேதுமாதவனுக்குத் தெரியாது. அதைப் பற்றி அவன் கவலைப்படவும் இல்லை.

காலையிலிருந்து கத்திக் கத்தி வீட்டுக்கு வந்தால் பேச்சு வரமாட்டேன் என்கிறது, அவள்மேல் ஒரு குறையுமில்லை என்றான்.

"அத மொத நாளே சொல்லியிருக்கலாம்ல?"

"அதையும் பேசித்தானே சொல்லணும்."

அவள் சிரித்துவிட்டாள். அவன் விடாமல் சொன்னான். செம்மண்டலத்தைச் சுற்றி மூன்று கம்ப்யூட்டர் பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன, இரண்டில் கேட்டுவிட்டேன், ஒன்றில் ஆவணியில் நேரில் வரச் சொன்னார்கள்.

"என்ன கேக்காம எப்படி நீங்களா போய்க் கேட்டீங்க?"

அவன் ஹெட்போன் ஒயரை விரலில் சுற்றினான்.

"சரி, மூணாவதுல ஏன் கேக்கல?"

"அங்க ஃபேன் ஓடல."

பிறகு அவள் சொன்னாள்.

"அத்தையெயும் பெரியவங்களையும் அனுப்பாதீங்க. நீங்க வாங்க. வந்து எல்லாருக்கும் முன்னால நீங்களே கேளுங்க. அப்புறம் பாக்கலாம்."

அன்று மாலை அவள் அப்பாவிடம், பயிற்சி நிலையத்துக்கு ஒரு வாரம் கழித்துப் பதில் சொல்லலாம் என்று மட்டும் சொன்னாளாம். ஏன் என்று கேட்டதற்கு, ஒருத்தர் வர வேண்டியிருக்கிறது என்றாளாம்.

ஆவணி நாலாம் தேதி சேதுமாதவன் தனியாகச் சிதம்பரம் போனான். ரத்தினம்மாளுக்கு மனசில்லை. மருமகளைக் கூட்டிவரப் பெரியவர்கள் போவதுதான் முறை. இருந்தாலும் பழமும் பூவும் கட்டிக்கொடுத்தாள். கூடத்தில் மாமனார் சிவசுப்ரமணியன், மாமியார் கல்யாணசுந்தரி, விஷயம் கேள்விப்பட்டு வந்த பக்கத்து வீட்டார் இரண்டு பேர், சுவரோரம் நடராஜும் தோற்றுப்போன மற்ற இரண்டு பையன்களும். கார்த்யாயினி சமையலறை நிலைப்படியில் நின்றாள். முப்பத்தைந்து நாள் கழித்து அவளைப் பார்க்கிறான். காபி வந்தது, குடித்தான். மழை உண்டா என்று மாமனார் கேட்டார், உண்டு என்றான். மாமனார் கடிகாரத்தைப் பார்த்தார்.

சேதுமாதவன் எழுந்து நின்றான். உட்கார்ந்து சொல்ல அவனுக்கு வரவில்லை.

"கார்த்யாயினியெ கூட்டிப்போக வந்திருக்கேன் மாமா. அவுங்களுக்கு வர இஷ்டம்னா. வேலைக்குப் போவணும்னாலும் அங்க போலாம். அவுங்க இல்லாம எனக்கு வீடு நல்லா இல்ல."

பெண்டாட்டியை இஷ்டம் கேட்டு ஒருவன் கூப்பிடுவதை அந்தக் கூடம் பார்த்ததில்லை. மாமனார் மகளைப் பார்த்தார். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"பொட்டி கட்டி மூணு நாளாச்சுப்பா" என்றாள். "இவரு வாயெத் தொறக்கட்டும்னுதான் ஒக்காந்திருக்கேன்."

கல்யாணசுந்தரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். மாமனார் இன்னொரு காபி சொன்னார்.

பெட்டியை நடராஜ் தூக்கிக்கொண்டான். வாசல் தாண்டியதும் தன் கவலையைச் சொன்னான். அடுத்த மாதம் விழுப்புரத்தோடு போட்டி இருக்கிறது, கமாண்டர் இல்லாமல் என்ன செய்வது?

"லூர்துசாமி கடையிலேருந்து நான் வரேன்டா" என்றாள் கார்த்யாயினி. பக்கத்தில் காலிப் பூக்கூடையோடு நடந்த புருஷனை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். "மாமாவெ டீம்ல வெச்சுக்கறதா வேணாமான்னு மட்டும் நீங்க மூணு பேரும் பேசி முடிவு பண்ணுங்க."