கோப்பைக்குப் போன லீவுகள்

டேவிட்சன் ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக். இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் லீவு. கிறிஸ்துமஸுக்கு வந்தால் பொங்கல் கழிந்து திரும்புவார். அவர் மனைவி விண்ணரசி மன்னார்குடியில் ஒரு பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். பொங்கல் விடுமுறையில்தான் அவள் காவிரிக் கோப்பை கூடைப்பந்துப் போட்டியை நடத்துவாள். தொண்ணூற்று மூன்றில் அதைத் தொடங்கியபோது, புருஷனுடைய லீவும் போட்டியும் மோதிக்கொள்ளும் என்று அவள் யோசிக்கவில்லை.

அப்போது அது சின்ன விஷயம். சுற்றுவட்டாரப் பள்ளிகளிலிருந்து, பதினாறு வயதுக்குட்பட்ட பெண்களின் அணிகள் வந்தன. பள்ளி சிமெண்ட் தளத்தில் யாரோ காயப்போட்டிருந்த நெல்லைக் கெஞ்சி அள்ளச் சொல்லிவிட்டுச் சுண்ணாம்பில் கோடு போட்டார்கள். வசதியான விவசாயிகள் வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது. வந்த பிள்ளைகள் வகுப்பறை பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்துக்கொண்டார்கள்.

அதைப் பெரிதாக்கியவன் பரணிதரன். அவனுடைய தங்கை விண்ணரசியின் அணியில் ஆடியவள். சிங்கப்பூருக்கு என்ஜினியராகப் போனவன், அங்கே ஒரு கிளப்பைப் பிடித்து, தொண்ணூற்றேழில் ஓர் அணியையே ஊருக்கு அழைத்து வந்தான். அடுத்த வருடம் மலேசியா வந்தது. பிறகு இலங்கை, மொரீஷியஸ். தட்டிபோர்டில் ‘சர்வதேச’ என்ற சொல் ஏறியது. ஏற ஏற விண்ணரசிக்குத் தூக்கம் குறைந்தது. ஒரு பிள்ளைக்குத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது, இன்னொன்றுக்குக் கொசு கடித்துக் காய்ச்சல் வரும். அவள்தான் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவாள்.

அப்படி ஒரு போட்டியின்போது லீவில் வந்திருந்த டேவிட்சன் ஒருநாள் மத்தியானம் தட்டின் முன் உட்கார்ந்துகொண்டு கேட்டார்.

“நான் வந்ததுலேர்ந்து ஒருவேளையாவது ரெண்டு பேரும் சேந்து சாப்பிட்டோமா, விண்ணரசி?”

“இந்தப் பிள்ளைங்கல்லாம் ஊருக்குப் போயிரட்டுங்க.”

“அதுங்க போறப்ப நானும்ல கெளம்பிருவேன்?”

வாசலில் வேன் ஹாரன் அடித்தது. திருச்சி விமான நிலையத்திலிருந்து ஓர் அணியை அழைத்து வரவேண்டும். டிரைவருடன் போக ஆளில்லை. டேவிட்சன் கையைக் கழுவிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு வேனில் ஏறினார்.

அதற்கப்புறம் ஒவ்வொரு லீவும் அப்படியே ஆனது. மகள் அருள்ஜோதிக்குப் பந்து என்றாலே பிடிக்காது. “அப்பா வந்திருக்காங்கன்னு பேரு. அம்மாவோட இவுங்களும் காணாமப் போயிர்றாங்க” என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருப்பாள்.

மேட்டூரிலிருந்து தண்ணீர் சரியாக வராத வருடம் ஒன்று வந்தது. குறுவை இல்லை, சம்பாவும் கருகிப்போனது. வழக்கமாக அரிசி கொடுக்கும் வீடுகளில் கேட்கவே விண்ணரசிக்கு வாய் வரவில்லை. இந்த வருடத்தோடு போட்டி நின்றுவிடும் என்று நினைத்தாள். அந்த நினைப்பு ஆறுதலாகக்கூட இருந்தது. ஆனால் பரணிதரன் செலவை ஏற்க ஒரு செல்போன் கம்பெனியைப் பிடித்துவிட்டான். பேனர், ராத்திரி ஆட்டத்துக்கு விளக்குகள், வெளிநாட்டு அணிகளுக்கு ஏசி போட்ட கல்யாண மண்டபம் என்று எல்லாம் வந்தன. மண்டபத்து ஏசி முதல் நாளே நின்றுபோனது. ஷார்ஜாவில் எதைச் செய்து அலுத்து லீவில் வந்தாரோ, அதையே ஏணிமேல் ஏறி நின்று செய்தார் டேவிட்சன்.

இரண்டாயிரத்து ஏழில் முதுகுவலி அதிகமாகி, ஒரேயடியாக ஊர் திரும்பினார். வந்த கொஞ்ச நாளில் பரணிதரன் வீட்டுக்கு வந்தான். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. காபியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே பேசினான்.

“டீச்சர், அடுத்த வருஷம் சென்னைல நடத்தலாம்னு செல்போன் கம்பெனில சொல்றாங்க. இண்டோர் ஸ்டேடியம், மரத்தளம். கொரியாவுலேர்ந்துகூட வர்றேங்கிறாங்க. இங்க அவுங்கள எங்க தங்க வைக்கிறது?”

தன்னிடமிருந்து ஒன்றைப் பிடுங்குகிறார்கள் என்று விண்ணரசிக்குத் தோன்றவில்லை. உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

“எடுத்துக்கிட்டுப் போப்பா” என்றாள்.

டேவிட்சன் தம்ளரைத் தரையில் வைத்த சத்தத்தில் இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“அதெப்படி எடுத்துக்கிட்டுப் போவ? எம்பொண்ணு வளந்ததப் பாக்கல. இவகூட உக்காந்து பேசல. எனக்குக் கெடச்ச லீவு பூரா இதுலதான் போட்டிருக்கேன். சும்மா தூக்கிக் குடுத்துட்டா நான் எதுக்குப் பாடுபட்டேன்?”

விண்ணரசி அவரையே பார்த்தாள். இத்தனை வருடமும் அவர் கோபத்தோடுதான் வேனில் ஏறியதாக நினைத்திருந்தாள்.

பரணிதரன் தலை நிமிராமல் சொன்னான். “நான் மட்டும் என்ன சார்? எனக்கும் வேற லீவு இல்ல. நீங்க வேணா தனியாப் போங்கன்னு சொல்லிட்டு எங்க வீட்ல இப்பல்லாம் என்கூட ஊருக்கே வர்றதில்ல.”

டேவிட்சன் மெல்ல எழுந்து முதுகைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.

“எங்க ஸ்கூல் டீமுக்கு வருஷா வருஷம் ஒரு இடம் குடுத்துரு. வேற ஒண்ணும் வேணாம்” என்றாள் விண்ணரசி. பரணிதரன் சரி என்றான்.

அந்த வாக்கை அவன் காப்பாற்றினான். ஜனவரியில் விண்ணரசி தன் அணியைச் சென்னைக்கு அழைத்துப் போனாள். டேவிட்சனும் கூடவே கிளம்பினார். சென்னையில் வேலைக்குச் சேர்ந்திருந்த அருள்ஜோதியைப் பார்த்தமாதிரியும் ஆயிற்று என்றார். மரத்தளம் பழக்கமில்லாத பிள்ளைகள் காலை ஆட்டத்திலேயே மலேசியாவிடம் மோசமாகத் தோற்றார்கள். மத்தியானம் நடந்த தொடக்க விழாவில் யார் யாரோ பேசினார்கள். பரணிதரன் கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தான். இவர்களைப் பார்த்துக் கையை உயர்த்தினான். பக்கத்தில் வர நேரமில்லை.

தோற்ற பிள்ளைகள் ஊருக்குப் போக அவசரப்படவில்லை. எல்லோரும் மேல்வரிசையில் போய் உட்கார்ந்தார்கள். கீழே இலங்கையும் கொரியாவும் ஆடின. விண்ணரசி முழங்கையை மடியில் ஊன்றிக்கொண்டு பார்த்தாள். கொரிய அணியில் குட்டையாக ஒரு பெண், எதிராளிகள் இருவருக்கு நடுவே பந்தைத் தரையோடு தட்டிக்கொண்டு நுழைந்து, பார்க்காமலே பின்னால் வந்தவளிடம் கொடுத்தாள். விண்ணரசி தன்னை அறியாமல் கைதட்டினாள். காவிரிக் கோப்பையில் தன் பிள்ளைகள் ஆடாத ஓர் ஆட்டத்தை முதல் விசிலிலிருந்து கடைசி விசில்வரை அவள் உட்கார்ந்து பார்ப்பது அதுதான் முதல் தடவை. எப்போதும் யாராவது வந்து சாவி கேட்பார்கள், இல்லையென்றால் குடிதண்ணீர் தீர்ந்துவிட்டது என்பார்கள்.

டேவிட்சன் அவள் தோளில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தார். ஆட்டம் முடிந்த சத்தத்தில் விழித்து, “முடிஞ்சுதா? கெளம்பலாமா? அருள்ஜோதி காத்துக்கிட்டிருக்கும்” என்றார்.

“இன்னொரு மேட்ச் இருக்குங்க. பாத்துட்டுப் போவமே.”

அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டு, மறுபடி கண்ணை மூடினார்.