ஆறு வரிசையிலும் நாற்பது

என் ஓரகத்தியை நான் ஒருநாளும் நம்பியதில்லை. என் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குள் நுழைந்த அன்றே, இந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஏதோ இருக்கிறது என்று என் மனசு சொல்லிவிட்டது. அவள் கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தையும் நான் ஒருமுறை புரட்டிப் பார்ப்பேன். வீட்டில் நான் பெரியவள், அவள் சின்னவள். போதாக்குறைக்கு, நான் இயற்பியல் எடுக்கும் கல்லூரியிலேயே ஆய்வகத்தில் தற்காலிக வேலைக்கு வந்து சேர்ந்தாள்.

அவளை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று இந்த மாதக் கடைசிக்குள் முதல்வர் முடிவு செய்ய வேண்டும். புதிதாக ஒரு சோதனையை அமைத்து, அளவெடுத்துக் காட்டும்படி அவளிடம் சொல்லியிருந்தார். பெரிய உலோகக் கோளத்துக்குள் சின்னக் கோளம் ஒன்று, தொட்டும் தொடாமலும் அல்ல, சுத்தமாகத் தொடாமல், ஒரே மையத்தில். இரண்டுக்கும் மின்னூட்டம் கொடுத்து, நடுவே உள்ள மின்னழுத்த வேறுபாட்டை அளக்க வேண்டும்.

அளந்து முடித்து, நோட்டை என் மேஜையில் வைத்து, ஒருமுறை பார்த்துவிடச் சொல்லிப் பவ்யமாக நின்றாள். அந்தப் பவ்யமே எனக்கு உறுத்தியது.

ஆறு வரிசை. உள்கோளத்துக்கு ஆரம்பத்தில் ஒரே ஒருதடவை மின்னூட்டம். வெளிக்கோளத்துக்கு வரிசைக்கு வரிசை இன்னும் கொஞ்சம் கூட்டியிருந்தாள். மின்னழுத்த வேறுபாட்டை எழுதும் கடைசிக் கட்டத்தில் மட்டும் ஆறு வரிசையிலும் நாற்பது. இவ்வளவு ஏற்றியும் மீட்டர் முள் அசையவே இல்லையாம். யார் காதில் பூ சுற்றுகிறாள்? பதினெட்டு வருஷமாக நோட்டுத் திருத்துகிறேன். ஒரே எண் மேலிருந்து கீழே வந்தால், அது கருவி சொன்னதல்ல, நாற்காலியில் சாய்ந்துகொண்டு எழுதியது. கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன். மறைப்பானேன், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அளவுகள் பொய், இவரை வைத்திருப்பது ஆய்வகத்துக்குக் கெட்டபெயர் என்று முதல்வருக்கு எழுதிக் கொடுத்தேன். அன்றைக்கே அவர் அதை அவளிடமும் காட்டினார்.

மறுநாள் காலை முதல்வர் ஆய்வகத்துக்கே வந்து, தன் கண்முன்னால் அதைச் செய்யச் சொன்னார். அவர் வரலாறு படித்தவர். கோளமும் முள்ளும் அவருக்கு ஒன்றுதான். சின்னவள் பதறாமல் கோளங்களைத் துடைத்து வைத்தாள். அதுவும் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது. மீட்டரில் ஏதாவது செய்து வைத்திருப்பாளோ என்று, இணைப்புக் கொடுக்கும் முன் அதைத் தூக்கி அடிப்பக்கம் பார்த்தேன். ஒன்றுமில்லை.

உள்கோளத்துக்கு மின்னூட்டம் கொடுத்தாள். முள் நாற்பதில் நின்றது. கைப்பிடி போட்ட உலோகக் குண்டுக்கு மின்னேற்றி, அதனால் வெளிக்கோளத்தைத் தொட்டாள். நாற்பது. மறுபடி ஏற்றித் தொட்டாள். நாற்பது. குண்டை வாங்கி நானே ஏற்றித் தொட்டேன். முள் இம்மியும் நகரவில்லை.

அப்போதுதான் எனக்குப் பொறிதட்டியது. வெளிக்கோளத்தில் எவ்வளவு ஏற்றினாலும் இரண்டு கோளங்களின் மின்னழுத்தமும் ஒரே அளவு உயரும், வேறுபாடு மாறாது, அது உள்கோளத்தின் மின்னூட்டத்தை மட்டுமே பொறுத்தது. வருஷா வருஷம் கரும்பலகையில் கண்ணை மூடிக்கொண்டு நான் எழுதிப்போடும் பாடம். அவளுடைய நோட்டில் பார்த்தபோது எனக்குப் பாடம் ஞாபகம் வரவில்லை, அவள் முகம்தான் தெரிந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"மீட்டர் கெட்டுப்போச்சா, இல்ல இவங்க எழுதினது சரியா?" என்று முதல்வர் என்னைக் கேட்டார்.

மீட்டர் மேல் பழியைப் போட்டுத் தப்பித்திருக்கலாம். அந்த அறையில் வேறு யாருக்கும் தெரிந்திருக்காது, அவளைத் தவிர.

"அவ எழுதினது சரி சார். தப்பு என்னோடது."

அவளுடைய வேலையை உறுதி செய்வதாகச் சொல்லிவிட்டு, என் கடிதத்தை என்னிடமே நீட்டிவிட்டுப் போனார்.

அவள் கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். முள் ஏன் நகராது என்று தெரிந்திருந்தும் நேற்றே ஏன் என்னிடம் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன்.

"பாடம் எடுக்கறதே நீங்கதானேக்கா," என்றாள். "உங்களுக்குத் தெரியாம இருக்குமா? தெரிஞ்சேதான் எழுதிக் கொடுத்திருக்கீங்கன்னு நெனச்சேன்."

"இல்ல. சத்தியமா அந்த நேரத்துல எனக்கு மறந்துபோச்சு."

கம்பியைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஒரு வார்த்தையும் நம்பாதவள் எப்படிப் பார்ப்பாள் என்று எனக்குத் தெரியாதா?

"சரிக்கா," என்றாள்.