கல்வராயன் மலை எறா

அமீனுல்லாவுக்குக் கோபம் வருவது அபூர்வம். வந்தால் முதலில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார். அன்று மகள் ஷாஜியா கைப்பேசியில் ஒரு பட்டியலைப் படித்துக் காட்டியபோது கழற்றிவிட்டார்.

“எந்தச் சரக்கு எந்த மாவட்டத்துலேருந்து வெளிநாட்டுக்குப் போவுதுன்னு மதிப்பீடு போட்டிருக்காங்க அத்தா. கடுக்கா, அரியலூர் மொத எடம். கள்ளக்குறிச்சி ஒண்ணும் இல்ல.”

“இன்னா இல்ல?”

“சைபர்கூட போடல அத்தா. வெறும் கோடு.”

இருபத்தாறு வருஷமாகக் கல்வராயன் மலையிலிருந்து கடுக்காய் இறக்கி, கள்ளக்குறிச்சிக் கிடங்கில் தரம் பிரித்து, சென்னை ஏற்றுமதிக்காரருக்கு லாரி ஏற்றி அனுப்புகிறவர் அவர். தன் காய் கடல் தாண்டிப் போய் வெள்ளைக்காரன் ஊரில் தோல் பதனிடுகிறது என்பதைச் சலூனிலும் கல்யாண வீட்டிலும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடமும் சொல்லி வந்தவர். அவருக்குப் போய் ஒரு கோடு. அரியலூரில் அவருக்குத் தெரிந்து சிமெண்ட்தான் இருந்தது.

மறுநாள் காலை பிரிட்டோவின் மேசைக்கு முன்னால் போய் நின்றார். பிரிட்டோ மணலூர்பேட்டைக்காரர். ஏற்றுமதிப் புள்ளிவிவரம் சேர்க்கும் ஆபீஸில் உத்தியோகம். எண்கள்மேல் பக்தி உள்ளவர். அவை எங்கிருந்து வந்தன என்று கேட்பது அவருக்கு அபசாரம்.

“நாங்க இன்னா மரம் மரமா போயி எண்ணவா முடியும் பாய்? கப்பல் ஏத்துறப்போ ஒரு பில்லு போடுவாங்க. சரக்கு எந்த மாவட்டம்னு அதுல ஒரு கட்டம் இருக்கும். அத கூட்டுவோம். முன்னல்லாம் அதுவும் கெடையாது. கம்பெனி விலாசம் எங்க இருக்குதோ அங்கதான் வெளைஞ்சதுன்னு கணக்கு. பாரிமுனைல ஏலக்கா வெளைஞ்சிக்கினு இருந்துது. இப்ப எவ்ளோ முன்னேற்றம் பாருங்க.”

“அந்தக் கட்டத்த யாரு ரொப்புறது?”

பிரிட்டோ விட்டத்தைப் பார்த்தார். பதினோரு வருஷ சர்வீஸில் யாரும் இதைக் கேட்டதில்லை. “யாராச்சும் ரொப்புவாங்க பாய்.”

அந்த யாராச்சும், நிர்மலா என்கிற பெண். ஏற்றுமதிக்காரருக்குக் கப்பல் பில் போட்டுத் தரும் ஏஜெண்டின் ஆபீஸில், சென்னைப் பாரிமுனைச் சந்து ஒன்றின் மூன்றாவது மாடியில் உட்கார்ந்திருந்தாள். அமீனுல்லா ஒரு கிலோ லட்டோடு படியேறி மூச்சு வாங்கிக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். அவள் ஒளிக்கவில்லை.

“லிஸ்ட்டுல மொதப் பேரு அரியலூரு சார். உங்க ஊரு ஒம்பதாவது. ஒரு நாளைக்கி நூத்தம்பது பில்லு போடுறேன். ஒவ்வொண்ணுத்துக்கும் கீழ எறங்கிக்கினு இருந்தா நான் எப்ப வூட்டுக்குப் போறது?”

“எனக்காக ஒரு தடவ எறங்கும்மா.”

அவள் லட்டுப் பெட்டியைப் பார்த்தாள். இறங்கினாள். கள்ளக்குறிச்சியைத் தேர்ந்தெடுத்தாள். “அவ்ளோதான் சார். ஒருவாட்டி மாத்துனா அப்டியே நிக்கும்.”

அப்படியே நிற்கும் என்பதற்கு என்ன பொருள் என்று அமீனுல்லா கேட்கவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கோயம்பேடு பக்கம் போய் பஸ் ஏறினார்.

அடுத்த வாரம் கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையில் கடுக்காய் எடை போடும்போது இந்த வெற்றியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. காய் பொறுக்கும் பெண்களுக்குத் தைலம்மாள்தான் தலைவி. தராசின் முள்ளைவிட்டுக் கண்ணை எடுக்காமலே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“இனிமே நம்ம சரக்கு நம்ம பேர்லயே கப்பல் ஏறுது தைலம்மா.”

“எங்க மலை பேர்லயா?”

“மலைக்கெல்லாம் லிஸ்ட்டுல எடம் கெடையாது. கள்ளக்குறிச்சின்னு போவுது.”

“கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுல கடுக்கா மரம் நிக்குதா பாய்?”

மற்றப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். அமீனுல்லாவும் சிரித்து வைத்தார். ஜீப்பில் இறங்கி வரும்போது, படிப்பறிவில்லாத ஜனத்துக்கு நிர்வாகம் புரியாது என்று டிரைவரிடம் இரண்டு முறை சொன்னார். டிரைவர் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து பிரிட்டோ கிடங்குக்கே ஓடி வந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

“பாய், கடுக்கால நாமதான் மொதல்ல!”

“நான்தான் சொன்னேனே.”

“அதோட நிக்கல. எறாவுலயும் நாமதான். கணவா மீனு, தோல் செருப்பு, காத்தாலை ரெக்க, எல்லாத்துலயும் நாமதான்! மேலிடத்துலேருந்து போன் வந்துது. கேடயம் குடுக்குறாங்களாம்.”

அமீனுல்லாவுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. நிர்மலா ஒருமுறை இறங்கிய இடத்திலேயே நின்றுகொண்டிருக்கிறாள். அந்த மூன்றாவது மாடி வழியாகக் கப்பலேறும் அத்தனையும் இப்போது கள்ளக்குறிச்சியில் விளைகிறது.

“சார், நம்ம மாவட்டத்துல கடலே கெடையாதே.”

“கடல் வேணும்னு எந்தக் கட்டத்துலயும் கேக்கல பாய்,” என்றார் பிரிட்டோ.

விழா ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. ஏற்றுமதியாளர் சார்பில் அமீனுல்லா, உற்பத்தியாளர் சார்பில் தைலம்மாள். அவளை ஜீப் வைத்து இறக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். மைக் பிடித்தவர் எழுதிக் கொடுத்ததை அப்படியே வாசித்தார். “கல்வராயன் மலையின் உச்சியில் இறால் வளர்த்து உலகுக்கே ஊட்டும் வீரப் பெண்மணி!” கைதட்டல் அடங்க நேரமாயிற்று. தைலம்மாளுக்குச் சால்வை போர்த்தினார்கள். அவள் அதன் நூலை விரலால் நெருடிப் பார்த்தாள்.

அமீனுல்லாவைப் பேச அழைத்தார்கள். மைக் வரைக்கும் நடக்கும்போது உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் இருந்தார். ஆனால் கேடயத்தில் அவர் பெயர் பித்தளையில் பளபளத்தது. இத்தனை வருஷமும் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொன்ன கதையை இப்போது ஒரு மண்டபமே கேட்கக் காத்திருந்தது. முன் வரிசையில் ஷாஜியா தலையைக் குனிந்துகொண்டாள்.

“எல்லாம் உங்க ஒத்துழைப்புதான்,” என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

பந்தியில் தைலம்மாள் பக்கத்து இலையில் உட்கார்ந்தாள். “பாய், எறா கிலோ இன்னா வெல போவுது?”

“ஐந்நூறு, அறுநூறு இருக்கும்.”

“என்கிட்ட கடுக்காவ பதினெட்டு ரூபாய்க்கி எடுக்குறியே. எறாவுக்கு மாறிடலாம்போல இருக்குதே,” என்று சொல்லிவிட்டுச் சாம்பாரைப் பிசைந்தாள்.

மலையில் காய் உலர்த்த ஒரு சிமெண்ட் களம் கேட்டுப் பெண்கள் போட்டிருந்த மனு அடுத்த மாதம் திரும்பி வந்தது. களம் இல்லாததால் அவர்கள் தார் ரோட்டில்தான் பரப்பிக்கொண்டிருந்தார்கள். பாதியை வேன் சக்கரம் நசுக்கும், மீதியை மழை கறுக்கடிக்கும். கடிதத்தைத் தைலம்மாள் கிடங்குக்கே கொண்டுவந்து நீட்டினாள். ஷாஜியா வாசித்தாள். “ஏற்றுமதியில் முதலிடம் வகிக்கும் மாவட்டத்துக்கு அடிப்படை வசதி தேவைப்படுவதாகக் கருத இடமில்லை.”

அமீனுல்லா பிரிட்டோவிடம் ஓடினார். “கணக்கு தப்புன்னு நானே எழுதிக் குடுக்கறேன் சார்.”

“தாராளமா குடுங்க. கேடயத்த ஒப்படைக்கணும். மேடையில உங்களோட நின்ன அதிகாரிங்கல்லாம் ஏன் எதுக்குன்னு கூப்ட்டு கேப்பாங்க. வெவரமா பதில் சொல்லணும். எழுதறீங்களா?”

வெள்ளைத்தாள் மேசைமேல் கொஞ்ச நேரம் இருந்தது. பேனாவும் இருந்தது. அமீனுல்லா டீ குடித்துவிட்டுத் திரும்பிவிட்டார்.

அடுத்த சீசன் தொடங்கியும் மலையிலிருந்து ஒரு மூட்டைகூட இறங்கவில்லை. மலையின் மறுபக்கம், கருமந்துறை வழியாக வேறு வியாபாரி வந்துபோவதாகச் சேதி வந்தது. ஏற்றுமதிக்காரர் தினமும் போன் அடித்தார். பன்னிரண்டாம் நாள் அமீனுல்லா மலையேறினார். கல்படைக் கொண்டைஊசி வளைவுகளில் டிரைவரை மெதுவாகவே ஓட்டச் சொன்னார். பாதி அதற்கு மலை காரணம், பாதி மலைமேல் இருந்தவள் காரணம்.

தைலம்மாள் வாசலில் நின்றபடியே பேசினாள். “எல்லாருமா ஒக்காந்து பேசிட்டோம் பாய். கிலோவுக்கு நாலு ரூபா ஜாஸ்தி. களம் நீ போட்டுக் குடு.”

“களம் கவருமெண்டு போட வேண்டியதும்மா.”

“கவருமெண்டு கணக்குல நாங்க எறா வியாபாரம் பண்ணிக்கினு கீறோம். அந்தக் கணக்கு தப்புன்னு சொல்ல வேண்டிய ஆளு மைக்க புடிச்சிக்கினு இன்னா சொன்ன?”

அமீனுல்லாவின் கிடங்கு காலியாக இருந்தது. ஒத்துக்கொண்டார்.

களம் போட இருபது நாள் ஆயிற்று. நாற்பதுக்கு முப்பதடி, தண்ணீர் வடிய ஓரத்தில் ஒரு வாய்க்கால். செலவு முழுக்க அவருடையது. ஷாஜியா கணக்கைக் காட்டியபோது, “மைக்குக்கு வாடக குடுத்ததா நெனச்சிக்க அத்தா,” என்றாள்.

முதல் நாள் காய் பரப்பிக்கொண்டிருந்தபோது பிரிட்டோ வந்து சேர்ந்தார். களத்தைச் சுற்றிப் பார்த்து, சாதனை அறிக்கைக்கு ஒரு படம் வேண்டும் என்றார்.

“எறா ஒலத்துற மாதிரி கேக்குறாங்க. இந்தக் காய கொஞ்சம் ஓரமா தள்ளிட்டு…”

“காயி நவுராது,” என்றாள் தைலம்மாள். “நீ வேணும்னா நவுரு.”

பிரிட்டோ நகர்ந்தார். ஒரு மேடேறிப் பார்த்தார், போதவில்லை. இன்னும் மேலே, பாறைமேல் ஏறிக் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தார். அங்கிருந்து பார்க்க, சிமெண்டுத் தரையில் வெளிறிய மஞ்சளாக என்னவோ காய்ந்துகொண்டிருந்தது. எறா என்று சொன்னால் நம்பலாம்.