பேய் வருவதற்குள் வெளியே வந்தவர்கள்

எங்கள் விளையாட்டின் விமர்சனங்கள் காலை பத்து மணிக்கு வெளியாகும் என்று சொல்லியிருந்தார்கள். ஒன்பதரைக்கே அக்கா தன் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"நான் திரையப் பாக்க மாட்டேன். நீ படி, நான் கேட்டுக்கறேன். ஒரு வரி விடக் கூடாது" என்றாள்.

பல் பிடுங்கப் போன இடத்தில்கூட டாக்டரின் கையை முறைத்துப் பார்த்தபடி இருந்தவள் அவள். அப்படிப்பட்டவள் இன்று சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

எங்கள் அலுவலகம் ஒரு சலவைக் கடைக்கு மேலே உள்ள இரண்டு அறைகள். நாங்கள் மூன்றே பேர். வீட்டைக் கட்டியது அக்கா. கணினிக்குள்தான் கட்டினாள், ஆனால் ஜன்னல் கொக்கியில் ஏறிய துரு வரைக்கும் அவள் கைவேலை. அந்த வீட்டின் பூட்டுகளுக்குப் புதிர் செய்வது என் பொறுப்பு. அக்காவின் கணவர், என் மாமா, விளையாடிப் பார்த்துக் குறை சொல்பவர். குறை சொல்ல அவரைவிடத் தகுதியில்லாத ஆள் ஊரில் கிடையாது. ஓட்டலில் உப்பில்லாமல் வந்தாலும் நன்றி சொல்லிவிட்டுச் சாப்பிடுவார்.

விளையாட்டின் பெயர் 'பதினாலு பூட்டு'. செத்துப்போன ஒரு வீட்டுச் சொந்தக்காரர் தன் வீட்டைவிட்டுப் போக மனமில்லாமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கிறார். நாம் உள்ளே மாட்டிக்கொள்கிறோம். பதினாலு அறை, பதினாலு பூட்டிய கதவு. புதிரை அவிழ்த்தால் கதவு திறக்கும். அறைக்குள் நுழைந்து நாலு நிமிஷம் ஆனால் சொந்தக்காரர் வருவார். கத்த மாட்டார், கடிக்க மாட்டார். மெதுவாக நடந்துவந்து நம் முதுகுக்குப் பின்னால் நிற்பார், அவ்வளவுதான். அந்த நடையின் சத்தத்துக்கு மட்டும் அக்கா மூன்று மாதம் செலவழித்தாள்.

இரண்டு வருஷ உழைப்பு. அதை நான் கெடுத்துவைத்திருந்தேன். எனக்கு மட்டும் தெரியும்.

நடந்தது இதுதான். மாமா விளையாடும்போது எந்தக் கதவின் முன்னால் எத்தனை நிமிஷம் நின்றார் என்பதைக் கணினி குறித்துவைக்கும். அந்தக் குறிப்பு எனக்கு மட்டும் வரும். சமையலறைக் கதவுக்கு ஏழு கட்டமாக ஒரு புதிர் வைத்திருந்தேன். அக்காவும் நானும் ஒரு வாரம் சண்டை போட்டு உருவாக்கியது. மாமா அந்தக் கதவில் பதினேழு நிமிஷம் நின்றிருந்தார். பாவம், மனுஷனுக்குப் புரியவில்லை, மனைவியிடம் கேட்கவும் வெட்கம் என்று நினைத்தேன். இரண்டு கட்டத்தை எடுத்தேன். அடுத்த தடவையும் நின்றார். இன்னும் இரண்டு எடுத்தேன். இப்படியே ஒவ்வொரு கதவாக இளக்கிக்கொண்டே போனேன். கடைசிக் கதவில் வேறு வழியில்லாமல் சாவியைப் பேயின் கையிலேயே கொடுத்துவிட்டேன்.

அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் மாமாவுக்குப் புரியவில்லை என்பதையும் சொல்ல வேண்டிவரும். அக்கா தன் விளையாட்டைத் தானே விளையாட மாட்டாள். பேய் எங்கே நிற்கிறது என்று தெரிந்த வீட்டில் எனக்கு என்ன வேலை என்பாள். அதனால் விஷயம் இன்றுவரை வெளியே வரவில்லை. விமர்சகர்கள் விளையாடிவிட்டார்கள். இனிமேல் மறைக்க முடியாது. வேலை போவதைப் பற்றி எனக்குக் கவலையில்லை, எங்கேயாவது போய்ப் பிழைத்துக்கொள்வேன். இவனை நம்பிக் கொடுத்தேனே என்று அக்கா ஒரு பார்வை பார்ப்பாள். அதன் பிறகு அவள் என்னிடம் பேசவே மாட்டாள். எனக்கு அந்தப் பயம்தான்.

பத்து மணி ஆனது. மாமா டீ போடுகிறேன் என்று அடுத்த அறைக்கு நழுவினார். நான் முதல் விமர்சனத்தைத் திறந்தேன்.

பத்துக்கு நாலு மதிப்பெண். 'வீடு பிரமாதம். புதிர்களோ, பல் முளைக்காத குழந்தைக்கானவை' என்று இருந்தது.

"ஏழு, அக்கா" என்றேன். "பத்துக்கு ஏழு. வீடு பிரமாதம். புதிர்கள் எல்லா வயதினருக்கும் ஏற்றவை."

அது எப்படி என் வாயில் வந்தது என்று தெரியவில்லை. வந்துவிட்டது.

"ம்" என்றாள் அக்கா, சுவரைப் பார்த்தபடி. "அடுத்தது."

அடுத்தவர் மூன்று கொடுத்திருந்தார். ஒரு கதவால் நுழைந்து மறு கதவால் வெளியேறுவதற்கு வீடு எதற்கு, நடைபாதை போதுமே என்று கேட்டிருந்தார். அதை, 'எங்கும் தடையில்லாமல் விளையாட முடிகிறது, ஆறு மதிப்பெண்' என்று வாசித்தேன். பொய் சொல்லச் சொல்ல எனக்குக் கை தேர்ந்துகொண்டே வந்தது. நெற்றியில் மட்டும் வியர்வை.

மூன்றாவது, கத்திரிக்கோல் எழுதியது. அது அவருக்கு எங்கள் தொழிலில் உள்ளவர்கள் வைத்த பெயர். அவர் கையில் மாட்டிய விளையாட்டு முழுசாகத் திரும்பியதில்லை. அவர் எழுதியிருந்ததை ஓட்டமாகக் கண்ணால் பார்த்தேன். முதல் இரண்டும் தேவலை போலிருந்தது. ஆனாலும் விடாமல் ஆரம்பித்தேன்.

"இந்த வீட்டைக் கட்டியவர் மீது எனக்கு மரியாதை உண்டு. பூட்டுகளைச் செய்தவரும் சளைத்தவர் அல்ல. புதிர்கள் எளிமையாகவும் இனிமையாகவும்..."

"நிறுத்துடா" என்றாள் அக்கா.

நாற்காலி திரும்பியது. அவள் மடியில் போன் இருந்தது.

"அந்த ஆளு யாரத் திட்டப் போறாரோ அவங்களுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே அனுப்பி வச்சுடுவாரு. அது அவரோட மரியாதை. ஒம்போது மணிக்கே எனக்கு வந்துடுச்சு. எளிமையாம், இனிமையாம். நீ கதை எழுதப் போயிருக்கலாம்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அக்கா போனை எடுத்து, நிதானமாக, செய்தி வாசிப்பவள் போல வாசித்தாள்.

"இந்த வீட்டைக் கட்டியவர் மீது எனக்கு மரியாதை உண்டு. சமையலறை மேசையில் பாதி நறுக்கிய வெங்காயத்தைப் பார்த்தபோதே எனக்கு முதுகு சில்லிட்டது. ஆனால் பயப்படுவதற்கு நேரம் வேண்டாமா? ஒவ்வொரு பூட்டும் தொட்டால் திறக்கிறது. பேய் வருவதற்குள் நான் வெளியே வந்துவிட்டேன். கடைசிக் கதவில் செத்துப்போன சொந்தக்காரரே சாவியை நீட்டுகிறார். உயிரோடு இருக்கும் வீட்டுச் சொந்தக்காரர்களில் இப்படி ஒருவர் இருந்தால் முகவரி கொடுங்கள், நாளைக்கே குடிபோகிறேன். பூட்டு செய்தவர் யாரையும் கஷ்டப்படுத்த மனமில்லாதவர். நல்லவராக இருக்கலாம். இந்த வேலைக்கு அவர் வேண்டாம். பத்துக்கு நாலு. நாலும் வெங்காயத்துக்கு."

போனை மேசைமேல் வைத்தாள்.

"சமையலறைக் கதவுக்கு ஏழு கட்டம் வச்சோம். நானும் நீயும் ஒரு வாரம் மண்டைய ஒடைச்சிக்கிட்டோம். இவரு பேய் வர்றதுக்குள்ள வெளிய வந்துட்டேங்கறாரு. மிச்சக் கட்டமெல்லாம் எங்கடா?"

"எடுத்துட்டேன்க்கா."

"எதுக்கு?"

"ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு."

"யாருக்கு?"

இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பதற்காகத்தானே இவ்வளவும். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை. யாரோ புது ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். இத்தனை நாளாக நான் பயந்த பார்வை அதுதான்.

"எனக்குத்தான்" என்றது ஒரு குரல்.

மாமா டீத் தட்டோடு வாசலில் நின்றார்.

"என்னாலதான் மாப்ள எடுத்திருப்பாரு. நான் அந்தக் கதவு முன்னாடி ரொம்ப நேரம் நிப்பேன். ஆனா மாப்ள, நீங்க நெனச்ச மாதிரி இல்ல. புதிரெல்லாம் அஞ்சு நிமிஷத்துல புரிஞ்சுடும். நல்லாத்தான் செஞ்சிருந்தீங்க."

"அப்புறம் ஏன் மாமா பதினேழு நிமிஷம்?"

மாமா தட்டை மேசையில் வைத்தார். காது வரைக்கும் சிவந்திருந்தார்.

"கதவத் திறக்க பயம். நாலு நிமிஷம் ஆனதுமே அந்த ஆளு வந்து பின்னாடி நின்னுடறாரு. திரும்பவும் முடியல, அடுத்த ரூமுக்குப் போகவும் முடியல. காதுல மாட்டுனதக் கழட்டி வச்சுட்டு, கண்ண மூடிட்டு உக்காந்திருப்பேன். குழந்தைங்க ரூம் வந்தப்ப, கீழ சலவைக் கடைக்கே போயிட்டேன். சும்மா ஒரு சட்டையக் குடுத்து தேய்க்கச் சொல்லிட்டு, அது முடியற வரைக்கும் பேசிட்டு இருந்தேன்."

அக்கா மெல்ல எழுந்தாள். "டெஸ்ட் ஃபார்ம்ல பயமா இருந்துச்சான்னு ஒரு கேள்வி இருக்கும். எல்லாத் தடவையும் 'இல்லை'ன்னுதானே போட்டீங்க?"

"பொண்டாட்டி செஞ்ச பேய்க்கு பயந்தேன்னு எழுதவா சொல்ற?"

"நீங்க பயமில்லைன்னு போட்டதனாலதான் நான் குழந்தை சிரிப்பச் சேத்தேன்."

"அது வந்தப்புறம்தான் சலவைக் கடைக்குப் போக ஆரம்பிச்சேன்."

எனக்கு அப்போதுதான் முழுசும் விளங்கியது. மாமா பயந்துபோய், பயமில்லை என்று எழுதினார். அக்கா இன்னும் பயமுறுத்தினாள். மாமா இன்னும் அதிக நேரம் நின்றார். நான் பூட்டை இன்னும் இளக்கினேன். மூன்று பேரும் ஒருவர் மனம் ஒருவரால் நோகக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்ததில், உலகத்திலேயே மிகப் பயங்கரமான வீட்டுக்கு உலகத்திலேயே மிக மட்டமான பூட்டு அமைந்துவிட்டது.

அக்கா மாமாவின் முன்னால் போய் நின்றாள். இரண்டு விமர்சனமும் கத்திரிக்கோலும் அவளுக்கு மறந்துவிட்டது போலிருந்தது.

"நெஜமாவே பயந்தீங்களா?"

"சத்தியமா."

"எந்த இடத்துல?"

"அந்த நடை. செருப்புல ஒண்ணு மட்டும் தேயற சத்தம் வருமே. வீட்டுல நீ தண்ணி குடிக்க எழுந்து நடந்தாக்கூட இப்ப எனக்குத் தூக்கிவாரிப் போடுது."

அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். முகத்தைக் கையால் மூடிக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். நடுவில் அழுதாளோ என்றும் ஒரு சந்தேகம். மூன்று மாதம் அந்தச் செருப்புச் சத்தத்துக்காக உயிரை விட்டவள். நன்றாக வந்திருக்கிறது என்று ஒருவர்கூட அவளிடம் சொல்லவில்லை. மாமாவும் சிரித்தார். நான்கூட அரைகுறையாகச் சிரித்தேன். மாமாவின் மானத்தைக் காப்பாற்றும் வேலை என் தலையிலிருந்து இறங்கிவிட்டது, அதுவே பெரிய நிம்மதி. ஆனால் அக்கா இன்னும் என் பக்கம் திரும்பவில்லை.

அதற்குள் போன் அடித்தது. விளையாட்டை வெளியிட்ட நிறுவனத்தின் மேலாளர். நல்ல மனுஷர், ஆனால் எதையும் சுற்றி வளைக்காமல் பேசுபவர். அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

"பாத்தீங்களாம்மா?" என்றார்.

"பாத்தோம் சார். சரியாத்தான் எழுதியிருக்காங்க."

அவர் அழுகையையோ சண்டையையோ எதிர்பார்த்திருப்பார். "வீட்டப் பத்தி எல்லாரும் நல்லவிதமாத்தான் சொல்றாங்க. அதனால கைவிட வேண்டாம். பூட்டெல்லாம் புதுசாப் போட்டு மூணு மாசத்துல திரும்பக் குடுங்க. ஒண்ணே ஒண்ணு. அந்தப் பூட்டு செஞ்சவரு இனிமே வேண்டாம். ஆளை மாத்திடுங்க. எங்ககிட்டயே நல்ல ஆளுங்க ரெண்டு பேர் இருக்காங்க."

நியாயமான பேச்சு. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். என் பையை எங்கே வைத்தேன் என்று கண்ணால் தேடினேன்.

"அவன் என் தம்பி சார்" என்றாள் அக்கா.

"ஓ. அது தெரியாது. ஆனா தொழில்னு வந்துட்டா..."

"அவனுக்குப் பூட்டு செய்யத் தெரியும் சார். ஏழு கட்டத்துல ஒண்ணு செஞ்சு வச்சிருந்தான், நீங்க அதப் பாக்கவே இல்ல. எங்கிட்ட மறைச்சான், அதுக்கு அவனுக்குத் தனியா இருக்கு." அப்போதுதான் அவள் என்னைப் பார்த்தாள். பழைய பார்வை. சின்ன வயசில் என் பரீட்சைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பார்ப்பாளே, அது. "பூட்ட மாத்தறோம் சார். தம்பிய மாத்த முடியாது."

மறுமுனையில் அவர் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு எதுவும் காதில் விழவில்லை. மாமா ஒரு டீக் கோப்பையை என் கையில் திணித்தார். கண் கலங்கி எதிரே ஒன்றும் தெரியாததால் பாதியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டேன்.