தேனீக்குப் பிடிக்காத பெட்டி

நர்ஸம்மாவுக்கு ஒரே ஒரு ஆசை. ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க முனகலும் இருமலும் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போயிருந்தது அவளுக்கு. "நோவுன்னு ஒரு வார்த்தை பேசாத கூட்டம் ஒன்னு நம்ம வீட்டுல இருக்கட்டுங்க" என்று நச்சரித்து, கொல்லையில் தேனீ வளர்க்கச் சம்மதம் வாங்கிவிட்டாள். பெட்டியைச் செய்து கொடுத்தவர் அவள் புருஷன்தான், தச்சர். ஆள் வாட்டசாட்டம். தேனீ என்றால் மட்டும் குலைநடுக்கம். "செஞ்சு தர்றேன், ஆனா என்னைப் பக்கத்துல கூப்பிடாதே" என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

தேனீ விற்பவர் வந்து, தேனடைகளோடு கூட்டத்தைப் பெட்டியில் குடிவைத்துவிட்டுப் போனார். மறுநாள் காலையில் பார்த்தால், அத்தனையும் வெளியேறி மரக்கிளையில் கொத்தாகத் தொங்குகிறது!

தேனீ விற்றவருக்குப் போன் போட்டாள். "பெட்டி பிடிக்கலம்மா. வேற இடம் தேடுது. பறந்துட்டா அவ்வளவுதான், திரும்பி வராது" என்றார் அவர்.

தச்சருக்கோ ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "என் பெட்டி பிடிக்கலையாமா? எங்க குறைன்னு பாத்துச் சொல்லு!" என்று ஜன்னல் வலைக்குப் பின்னாலிருந்தே கத்தினார்.

மூடியைத் திறந்து குனிந்தவளுக்கு முகம் தொங்கிப்போனது. உள்ளே அப்படியே வார்டு வாடை.

"குறை பெட்டியில இல்லைங்க. கிருமி போகட்டும்னு நான்தான் லோஷன் ஊத்திக் கழுவினேன்."

"அடிப்பாவி! என் பெட்டிக்கு என்ன சீக்கா?"

திட்டிக்கொண்டே இழைப்புளியை எடுத்தார். அவள் அடைகளை வெளியே எடுத்துப் பத்திரப்படுத்த, அவர் பலகைகளைக் கழற்றி உள்பக்கம் முழுக்க இழைத்துத் திரும்பப் பூட்டினார். அவள் கொஞ்சம் தேன்மெழுகைத் தேய்த்து, அடைகளை மறுபடி தொங்கவிட்டாள். அதற்குள் நாலைந்து தேனீக்கள் கிளையைச் சுற்றிப் பறக்கத் தொடங்கிவிட்டன.

ஒருவர் கிளையை உலுக்க வேண்டும். இன்னொருவர் கீழே பெட்டியைப் பிடிக்க வேண்டும். நர்ஸம்மா புருஷனைப் பார்த்தாள். அவர் வானத்தைப் பார்த்தார்.

"ஏங்க, போயிடப் போகுதுங்க..." என்று கெஞ்சினாள்.

மனுஷன் போர்வையைத் தலையோடு சுற்றிக்கொண்டு வந்து நின்றார். பெட்டியைத் தூக்கிக் கிளைக்கு நேர் கீழே பிடித்தார்.

"மேல பாக்காதீங்க. மூச்சை மெதுவா இழுத்து விடுங்க. ஒன்னுமே தெரியாது" என்றாள், ஊசி போடும் குரலில். சொல்லிக்கொண்டே கிளையை ஓங்கி உலுக்கினாள்.

சொத்தென்று பெட்டிக்குள் விழுந்தது கூட்டம். விளிம்பில் நின்ற தேனீக்கள் வாலைத் தூக்கிச் சிறகடித்து மற்றவற்றைக் கூப்பிட, பறந்துகொண்டிருந்தவையும் ஒவ்வொன்றாக உள்ளே இறங்கின. "ராணி உள்ள போயிடுச்சுங்க!" என்று குழந்தை மாதிரி குதித்தாள் அவள்.

அந்த நேரம் பார்த்துப் போர்வைக்குள் புகுந்த ஒன்று அவர் காதில் போட்டது ஒரு போடு. "ஐயோ!" பதறிப்போய் உள்ளே ஓடியவள், பஞ்சில் லோஷனை நனைத்துக்கொண்டு பறந்து வந்தாள்.

"கிட்ட வராதே!" என்று அலறினார் தச்சர். காது பணியாரமாக வீங்கிக்கொண்டிருந்தது. கையிலிருந்த பெட்டி இம்மியும் அசையவில்லை. "அந்த வாடையோட வந்தே, எனக்குக் கெட்ட கோவம் வரும். இப்பத்தான் என் பெட்டி அதுங்களுக்குப் பிடிச்சிருக்கு."