பொட்டு வைத்த கல்வெர்ட்

"அந்தச் சனியன் வூட்டு வாசப்படியத் தாண்டக் கூடாது. சொல்லிட்டேன்."

அண்ணாதுரை வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். எதிரில் அவர் மகள் ஜோதி, தோளில் கல்லூரிப் பையோடு. பைக்குள் பாம்பும் இல்லை, பட்டாசும் இல்லை. சிவில் இன்ஜினியரிங் இரண்டாம் வருடப் பிள்ளைகளுக்குக் கல்லூரி கொடுத்த டேப்லெட் ஒன்று இருந்தது.

"இது போன் இல்லப்பா. ரோடு, பாலம், கால்வாய்னு நேர்ல போய் அளந்து பாத்து, அங்கயே நின்னு போட்டோ புடிச்சு, பேசி அனுப்பணும். அதுக்குத்தான் மார்க்கே."

"போட்டோ புடிக்குதா? பேசுதா? அப்புறம் இன்னா, போன்தான்!"

2014-இல் சேரப்பணஞ்சேரியின் அந்தத் தெருவில் மீசை முளைத்தவனுக்கெல்லாம் ஒரு போன் இருந்தது. கம்பெனி பஸ் ஓட்டும் அண்ணாதுரைக்கு இரண்டு. ஆனால் வயசுப்பெண் கையில் போன் கூடாது என்பது தெருச் சட்டம். ஆதாரம் கேட்டால் மணிமங்கலத்தில் இருந்த அண்ணாதுரையின் ஒன்றுவிட்ட தங்கை மகளைக் காட்டுவார்கள். ஒரு மிஸ்டு காலில் ஓடிப்போனாளாம். பாவம், அவள் எங்கே ஓடினாள்? ஷேர் ஆட்டோவில் சாவகாசமாக உட்கார்ந்துதான் போனாள். ஆனால் தெரு ஓடினாள் என்றால் ஓடினதுதான்!

ஜோதியின் படிப்பே ஒற்றை நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு பாடத்தில் போனாலும் படிப்பு நின்றுவிடும், குன்றத்தூரில் தண்ணி லாரி வைத்திருக்கும் ரகுபதிக்குக் கழுத்தை நீட்ட வேண்டும் என்பது அப்பா போட்ட ஒப்பந்தம். ரகுபதிக்கு வயது முப்பத்தாறு. மாப்பிள்ளையைவிட லாரி இளசு.

கடைசியில் அம்மா கனகம் ஒரு சமரசம் கண்டுபிடித்தாள். டேப்லெட் சாமி அலமாரியில் இருக்கட்டும். ஜோதி தொட வேண்டாம். அண்ணன் பிரவீன் ஷிப்ட் முடிந்து வந்ததும் அதை எடுத்துப்போய்ப் போட்டோ பிடித்துக்கொண்டு வரட்டும்.

"படிக்கிறது நானா அவனா?" என்றாள் ஜோதி.

"யார் படிச்சா இன்னாடி, மார்க்கு உன் பேர்லதான வரும்?" என்றாள் கனகம்.

புதுப் பொருள் வீட்டுக்கு வந்தால் கனகத்துக்குக் கை சும்மா இருக்காது. மிக்ஸி, பைக், கேஸ் சிலிண்டர் எல்லாம் அவளிடம் பொட்டு வாங்கியவைதான். டேப்லெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முதுகில் உருண்டையாக, கண் மாதிரி ஒன்று தெரிந்தது. சாமிதான் இடம் காட்டுகிறது என்று நினைத்து, அதன்மேல் சந்தனத்தைக் குழைத்து அப்பி, நடுவில் குங்குமம் வைத்தாள். வெள்ளிக்கிழமை தவறாமல் புதுப்பித்தும் வந்தாள். அதுதான் கேமரா.

எதை அளக்க வேண்டும், எந்த விரிசலை எடுக்க வேண்டும் என்று ஜோதி அண்ணனுக்குத் துண்டுச்சீட்டு எழுதிக் கொடுத்தாள். அவன் அதில் மிக்சர் மடித்துத் தின்றான். சாலைக்கு அடியில் மழைத்தண்ணீர் போகும் கல்வெர்ட்டின் எதிரில் போய் நின்று, "ஹலோ, இது பாலம். நல்ல பாலம். தண்ணி இல்ல. நன்றி வணக்கம்" என்று பதிவு செய்தான். ஜோதி கேட்டபோதெல்லாம், "எல்லாம் சூப்பரா கீது, போ" என்றான்.

ஒரு மாதம் கழித்துக் கல்லூரியிலிருந்து அண்ணாதுரைக்கு அழைப்பு வந்தது. பிரவீனையும் கூட்டிக்கொண்டு போனார். ஜோதி ஏற்கெனவே அங்கே தலைகுனிந்து நின்றிருந்தாள். ஆசிரியர் உச்சிமாகாளி திருநெல்வேலிக்காரர், கோபம் வந்தால் சிரிக்கிறவர். அன்று நிறையச் சிரித்தார்.

"வாங்க, உக்காருங்க. எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இங்க படிக்கது ஒங்க மவளா, மவனா?"

சுவரில் படங்களைப் பெரிதாக்கிக் காட்டினார். முதல் படத்தில் மஞ்சள் புகைக்குள் ஒரு சிவப்பு நிலா. அடுத்த படத்திலும் அதே நிலா.

"ஒரகடம் பக்கமுள்ள கல்வெர்ட் எல்லாம் நெத்தியில பொட்டு வச்சிக்கிட்டு நிக்கி! நானும் எங்கியாவது கும்பாபிஷேகமோன்னு நெனச்சிட்டேன்."

அண்ணாதுரைக்கு ஒன்றும் புரியவில்லை. அடுத்த படம் வந்ததும் புரிந்துவிட்டது. டேப்லெட்டுக்கு முன்பக்கமும் ஒரு கேமரா உண்டு. கனகம் அங்கே பொட்டு வைக்கவில்லை. பளிங்கு மாதிரி விழுந்திருந்தது படம். கூலிங் கிளாஸ் போட்ட பிரவீன். பக்கத்தில், அவன் கம்பெனியில் அதே லைனில் வேலை செய்யும் தூத்துக்குடிப் பெண் சுகப்பிரியா. கால்வாய்க் கரையில் இருவரும். மேம்பாலத்தடியில் இருவரும். ஒரே இளநீரில் இரண்டு ஸ்ட்ரா.

அவன் போனில் முகம் சின்னதாக விழும், இதில் திரை பெரிசு. ஆசைப்பட்டு எடுத்துவிட்டான் பிள்ளை! எடுப்பதெல்லாம் தானாகவே கல்லூரிக்குப் போய்ச் சேரும் என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? ஜோதி சொல்லியிருந்தாள், மிக்சர் சீட்டில்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள இந்தப் பிள்ளையே நேர்ல போய் அளந்து, அது முகமும் குரலும் வார மாதிரி அனுப்பணும். இல்லைன்னா இந்தப் பாடத்துல நான் பாஸ் போட முடியாது" என்றார் உச்சிமாகாளி.

வீட்டில் அன்று சாயங்காலம் நியாயம் நடந்தது. காதலித்தவன் பிரவீன். படம் எடுத்தவன் பிரவீன். தீர்ப்பு யாருக்கு என்று நினைக்கிறீர்கள்?

"ஆம்பளப் பையன், வயசுக்கோளாறு. வுடு" என்றார் அண்ணாதுரை. "அந்தப் பொட்டி வந்த நேரம்தான் எல்லாத்துக்கும் காரணம். காலைல திருப்பிக் குடுத்துடு ஜோதி. படிச்சது போதும். ரகுபதி வூட்டுக்கு ஆள் அனுப்புறேன்."

அவரும் அவர் நியாயமும்! பிரவீன் தட்டைப் பார்த்தபடி சோறு தின்றான். இரண்டாம் முறை ரசமும் வாங்கிக்கொண்டான். ஜோதிக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள் காலையில் அண்ணாதுரை பல் விளக்கிக்கொண்டிருந்தபோது சாமி அலமாரி திறந்து கிடந்தது. டேப்லெட் இல்லை. பிரஷ் வாயோடு தெருவுக்கு ஓடினார். தெருமுனைக் கல்வெர்ட்டின் மேல் ஜோதி உட்கார்ந்து, துப்பட்டா நுனியால் கேமராவின் குங்குமத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். குழாயடியில் பாதித் தெரு குடத்தோடு நின்று வேடிக்கை பார்த்தது.

"யாரக் கேட்டு எடுத்தே?"

ஜோதி நிமிர்ந்தாள். அளவு டேப்பை உருவினாள்.

"நீளம் அளக்கணும்பா. இந்த முனைய ஒர்த்தர் புடிக்கணும். நீ புடிக்கிறியா, இல்ல ரோட்ல போற பையன் எவனையாச்சும் கூப்டட்டுமா?"

அண்ணாதுரை தெருவைப் பார்த்தார். கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருந்த நாலைந்து பையன்கள் கூப்பிட்டால் வரத் தயாராக இருந்தார்கள். வாயிலிருந்த நுரையைத் துப்பிவிட்டு டேப்பின் முனையைப் பிடித்தார்.

"இன்னா அண்ணாதுர, பொண்ணு கைல போனா?" என்று குழாயடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"போன் இல்லம்மா, படிப்பு! குறுக்க நிக்காதே, போட்டோல வுழுவே!" என்று கத்தினார் அண்ணாதுரை. கத்திய பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. லுங்கியை மட்டும் இறக்கி விட்டுக்கொண்டார்.

ஜோதி டேப்பின் மறுமுனையைப் பிடித்தாள். இரண்டு பேர் கையும் டேப்பில். படம் எடுக்க ஆள் வேண்டும். கூட்டத்தோடு வந்து நின்ற கனகத்திடம் டேப்லெட்டை நீட்டினாள்.

"நானா? எனுக்கு இன்னாடி தெரியும்? உங்கப்பா போனக்கூட நான் தொட்டது இல்ல."

"இங்க அமுக்கினாப் போதும்மா."

கனகம் தன் ஆள்காட்டி விரலைப் பார்த்தாள். விடியலில் வைத்த குங்குமம் இன்னும் ஒட்டியிருந்தது. விரலைப் புடவையில் அழுத்தித் துடைத்தாள். புருஷனை ஒருதரம் பார்த்தாள்.

"கொஞ்சம் நவுந்து நில்லுய்யா" என்றாள். "பொண்ணு மறையுது."